பற்பசை மூடி

குன்டார்ஸ் அயர்லாந்து போனபோது
நானூறு சிந்தசைசர்களைத்
தோள்பையில் எடுத்துப்போனான்.
எல்லாம் மென்பொருள்.
லேப்டாப்பின் எடைக்கு மேல்
ஒரு கிராம் கூடவில்லை.
விமான நிலையத்தில் யாரும் நிறுத்திக் கேட்கவில்லை.

எனக்கு விட்டுப்போனது
பதினெட்டு கிலோ.
மரச்சட்டத்துக்குள் வரிசையாய்த் தகடுகள்,
நாற்பத்தொரு வயர்கள்,
உடைந்த ஒரு குமிழுக்குப் பதிலாகச் செருகிய
பற்பசை மூடி.

குளிர்ந்து கிடந்தால் அதற்குச் சுருதி நிற்காது.
அரை மணி முன்பே போட்டுவைக்க வேண்டும்,
ரீகாவின் ஜனவரியில் முக்கால் மணி.
அதுவரை கோட்டைக் கழற்றாமல்
கை தேய்த்தபடி அதன் முன்னால் நிற்போம்,
அடுப்பு மூட்டியவர்களைப் போல.

கடைசி வாரம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
அவன் ஒரு வயரைச் செருகுவான்,
நான் இன்னொன்றைப் பிடுங்குவேன்.
சண்டையென்றால் அதுதான் சண்டை.
வியாழக்கிழமை இரவு மூன்று மணிக்கு
அதிலிருந்து ஒன்று எழுந்தது.
தாழ்ந்த குரல்.
உறைந்த ஆற்றின் மேல் யாரோ நடப்பதுபோல;
ஏழாவது அடியில் தயங்கும்,
பிறகு போகும்.
இருவரும் கையை எடுத்துவிட்டோம்.
யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

பதிவு செய்யவுமில்லை.
நான் அதை மறதி என்கிறேன்.
மரியாதை என்று அவன் எழுதினான், பிறகொரு நாள்.

மார்ச்சில் வாடகை ஏறியது.
முதலில் வாங்க வந்தவன் மூடியைப் பார்த்துச் சிரித்தான்,
ஐம்பது யூரோ குறைக்கச் சொன்னான்.
அனுப்பிவிட்டேன்.

அடுத்து வந்தவள் விஸ்மா.
டிராம் ஓட்டுகிறாள். வேலை முடிந்து சீருடையோடே
வந்திருந்தாள், காலணியில் சாலை உப்பின் கறை.
ஸ்விட்சைப் போட்டுவிட்டு நாற்பது நிமிடம்
விலை கூடக் கேட்காமல் உட்கார்ந்திருந்தாள்.
"டிராமும் இப்படித்தான்.
காலை முதல் வண்டிக்குத் தொண்டை கட்டியிருக்கும்."

அந்தக் குரல் வந்தது.
ஏழாவது அடியில் நிமிர்ந்தாள்.
"இந்தத் தயக்கம் எனக்குத் தெரியும்.
ஆள் நிறைந்து பாலம் ஏறும்போது
மோட்டார் ஒரு கணம் எண்ணிப்பார்க்கும்."

வயர்களைக் கழற்றப் போனேன்.
கையைப் பிடித்துக்கொண்டாள்.
"இப்படியே தாருங்கள்."
இப்படியே வராது என்றேன்.
குமிழ் மயிரிழை நகர்ந்தால் போச்சு.
உங்கள் வீட்டு மின்சாரம் வேறு, குளிர் வேறு.
"வராவிட்டால், வருவது வரட்டும்."

போர்வையில் சுற்றி
நாற்பத்தொரு வயரும் பிதுங்க
ஒவ்வொரு படியாக இறக்கினோம்,
பிரசவத்துக்கு அழைத்துப்போவதுபோல.
பதினெட்டு கிலோவை மடியில் வைத்து
தன்னைவிட இளையவன் ஒருவன் வண்டியோட்ட
பயணியாகப் போனாள்.
வளைவில் அவள் அவனைத் திட்டியது
கண்ணாடி வழியே வாயசைவாகத் தெரிந்தது.

நள்ளிரவில் போன்.
ஒரு வார்த்தை பேசாமல்
அதன் முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.
மாறிவிட்டிருந்தது.
தயக்கம் ஐந்தாவது அடிக்கு வந்திருந்தது,
குரலில் லேசான கரகரப்பு.
அதில் நான் இல்லை. குன்டார்ஸும் இல்லை.
"மூடிதான் திரும்பியிருக்கும்" என்றேன்.
"தெரியும். தொடமாட்டேன்" என்றாள்.

ஞாயிறன்று கார்க் நகரிலிருந்து ஒரு கோப்பு வந்தது.
அந்த வியாழக்கிழமையை
நினைவிலிருந்தே மென்பொருளில் கட்டியிருக்கிறான்.
அச்சு அசல்.
ஜன்னலை அகலத் திறந்து வைத்துக் கேட்டேன்.
குளிர் வந்தது, விரல்கள் விறைத்தன.
நூறு தடவையும் அது
ஏழாவது அடியிலேயே தயங்கியது.

நன்றாக இருக்கிறது என்று எழுதினேன்.
இருந்தது என்று மாற்றினேன்.
மறுபடி இருக்கிறது ஆக்கி அனுப்பினேன்.

மேசையில் தூசி படியாத நீள்சதுரம் ஒன்று.
அதில் தட்டை வைத்துத்தான் சாப்பிடுகிறேன்.
நேற்று பற்பசை தீர்ந்தது.
மூடியை மட்டும் கழுவி எடுத்து வைத்தேன்,
எதற்கென்று தெரியவில்லை.